கொடுமணலில் மண்ணுக்கடியில் கல்வீடுகள்

இத்தாலியின் தார்க்குவினியாவில் எட்ரஸ்கர்கள் என்னும் பண்டைய மக்கள் பாறையைக் குடைந்து கல்லறை அமைத்தார்கள். அங்கே உள்ள சுமார் 6,000 கல்லறைகளில் 200-இன் சுவர்களில் விருந்தும் நடனமும் வண்ணத்தில் உயிரோடிருக்கின்றன. நம் கொங்கு நாட்டுக் கொடுமணலில் அப்படிப்பட்ட சுவரோவியங்கள் இல்லை. ஆனால் வண்ணம் உண்டு. அதை இறந்தவருக்கு வைத்த பானைகளில் பார்க்கலாம்.

சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் இருக்கிறது கொடுமணல். மேற்குக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்குப் போன பெருவழி இந்தப் பக்கம்தான் சென்றது. பதிற்றுப்பத்து இவ்வூரின் அணிகலன்களைக் குறிப்பிடுகிறது. 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் இங்கே அகழ்ந்தார்கள்.

இறந்தவரைப் புதைக்க இவ்வூரின் பண்டை மக்கள் கல்வட்டத்துக்குள் குழி தோண்டி, நான்கு பெரும் பலகைக் கற்களைச் செங்குத்தாக நட்டிருக்கிறார்கள். அட்டைப்பெட்டியின் நான்கு மடல்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி மூடுவோமே, அப்படி ஒவ்வொரு கல்லின் முனையும் அடுத்த கல்லில் முட்டி நிற்கும். வெளியே மண் எவ்வளவு நெருக்குகிறதோ அவ்வளவுக்கு அறை இறுகும். சுண்ணாம்பும் இல்லை, ஆணியும் இல்லை! மேலே மூடுகல். ஒரு பக்கக் கல்லில், பெரும்பாலும் கிழக்குப் பக்கத்தில், இடுதுளை என்னும் துவாரம்.

உள்ளே எலும்புகளோடு வாள், மணிகள், பானைகள். சூதுபவளமும் நீலக்கல்லும் பதித்த ஒரு வெண்கலப் புலியும் இங்கே கிடைத்தது. அந்த நீலக்கல்லுக்குத் தொலைவு போகவேண்டியதில்லை. சிவன்மலைப் பக்கமே அது கிடைக்கும்.

பானைகளில் ஒரு வகை, உள்ளும் விளிம்பும் கறுத்து, வெளியே சிவந்திருக்கும். சூளையில் கவிழ்த்துச் சுட்டதால், காற்றுப் படாத பாகம் கறுத்துவிட்டது. எனக்குப் பிடித்தது மற்றொன்று. காவிப் பூச்சின் மேல் வெள்ளையில் நேர்கோடும் அலைக்கோடுமாக இழுத்தது. கோவை, ஈரோடு வட்டாரத்துப் பழைய ஊர்மேடுகளில் இது நிறையவே கிடைக்கிறது. குடியிருப்பிலும் இதே ஓடுகள் வருகின்றன. ஆக, சாவுக்கென்று தனியாக ஒரு கலை செய்யவில்லை. வீட்டில் புழங்கிய அழகையே உடன் அனுப்பியிருக்கிறார்கள்.

கொடுமணலுக்குப் போகிறவர்கள் காட்டில் வெள்ளைக்கோடு போட்ட ஓடு காலில் தட்டுப்பட்டால் எடுக்க வேண்டாம். எந்த மண்ணடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் ஆய்வாளர் அதன் காலத்தைச் சொல்ல முடியும்.