சிவப்பும் வெள்ளையும் இளஞ்சிவப்புக்குள் அழிந்துபோவதில்லை

அந்திமந்தாரையை எங்கள் ஊர்களில் யாரும் காசு கொடுத்து வாங்கி நடுவதில்லை. வேலியோரத்தில் தானாக முளைத்து, பின்னேரம் நாலு மணியளவில் பூக்கும். மிளகு போன்ற அதன் கறுப்பு விதைகளைப் பிள்ளைகள் பொறுக்கி விளையாடுவார்கள். பரம்பரை பற்றிய ஒரு பழைய குழப்பத்தை விளக்க இதைவிட நல்ல செடி கிடைப்பது கடினம்.

தூய சிவப்புச் செடியின் மகரந்தத்தைத் தூய வெள்ளைச் செடியில் சேர்த்தால், கிடைக்கும் விதைகள் எல்லாமே இளஞ்சிவப்பாகப் பூக்கும். பார்க்கிறவர்களுக்கு, பாலில் சாயம் கலந்ததுபோல இரண்டு நிறமும் கலந்துவிட்டன, இனிப் பிரியாது என்றுதான் தோன்றும். 19ஆம் நூற்றாண்டில் அறிஞர்கள் பலரும் அப்படியே நம்பினார்கள். 1867இல் ஃபிளீமிங் ஜென்கின் என்ற பொறியியலாளர் இதை வைத்தே டார்வினை மடக்கினார். புதிய இயல்பு ஒன்று தோன்றினாலும், அடுத்த தலைமுறையில் பாதி, அதற்கடுத்ததில் காற்பங்கு என்று கரைந்துபோகாதா? டார்வினிடம் இதற்குத் திருப்தியான பதில் இருக்கவில்லை.

பதில் 1866இலேயே மெண்டலின் கட்டுரையில் அச்சாகியிருந்தது. கவனித்தவர்கள்தான் மிகச் சிலர். 1900இல் அதை மீண்டும் வெளியே கொண்டுவந்தவர்களில் ஒருவரான ஜேர்மனியத் தாவரவியலாளர் கார்ல் கொரென்ஸ், அந்திமந்தாரையிலும் ஆய்வு செய்தவர்.

இளஞ்சிவப்புப் பூவை அதன் சொந்த மகரந்தத்தாலேயே கருக்கட்ட விட்டால், அடுத்த தலைமுறையில் சராசரியாக நாலு செடிக்கு ஒன்று சிவப்பு, இரண்டு இளஞ்சிவப்பு, ஒன்று வெள்ளை. பாட்டன் பாட்டியின் நிறங்கள் கொஞ்சமும் மங்காமல் திரும்பி வருகின்றன. சாயம் கலந்த பாலில் இது நடக்குமா?

ஒவ்வொரு செடியிலும் நிறத்துக்கான பரம்பரையலகு இரண்டு பிரதிகளாக இருக்கும். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. சிவப்புப் பிரதி நிறப்பொருளை உண்டாக்கும், வெள்ளைப் பிரதி உண்டாக்காது. மெண்டலின் பட்டாணியில் வேலை செய்யும் பிரதி ஒன்றே முழு நிறத்துக்கும் போதும். அதனால்தான் அவருடைய இரண்டாம் தலைமுறையில் 705 செடிகள் ஊதாவாகவும் 224 வெள்ளையாகவும் பூத்தன. அந்திமந்தாரையில் ஒரு பிரதி போதாது. நிறப்பொருள் குறைகிறது, பூ வெளிறுகிறது. இதைத்தான் பாடப்புத்தகங்கள் நிறைவில் ஆட்சி என்கின்றன.

உயர்தர மாணவர்கள் 3:1ஐயும் 1:2:1ஐயும் இரண்டு தனி விதிகளாக மனனம் செய்வதுண்டு. தேவையில்லை. பரம்பரையலகுகள் பிரியும் விதம் இரண்டிலும் ஒன்றேதான். பட்டாணியில் நடுவிலுள்ள இரண்டு பங்கும் ஊதாவுக்குள் மறைந்துநிற்கும், அந்திமந்தாரையில் அவை வெளியே தெரியும், அவ்வளவே.

முற்றத்தில் எல்லாமே இளஞ்சிவப்பாக வேண்டுமென்றால் இளஞ்சிவப்புச் செடியின் விதையை நம்பவேண்டாம். அதில் பாதிதான் தேறும். பக்கத்தில் மஞ்சள் செடி நின்றால் கணக்கு இன்னும் சிக்கலாகும். ஒவ்வொரு முறையும் தூய சிவப்பையும் தூய வெள்ளையையும் புதிதாகச் சேர்க்கவேண்டும். அதைவிடச் சுலபம் கிழங்கு. செடி வாடினாலும் கிழங்கு மண்ணுக்குள் இருக்கும். மாரிக்குத் துளிர்த்து, அதே நிறத்தில் பூக்கும்.