டிடிஎஸ் மீட்டர் காட்டாத நஞ்சு

தென்சென்னைப் புறநகர்களான மேடவாக்கம், பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்றையும் லாரித் தண்ணீரையும் நம்பியிருக்கும் குடியிருப்புகளில், நீரின் தரத்தை அறிய மக்கள் கையில் இருப்பது பெரும்பாலும் பேனா வடிவிலான டிடிஎஸ் மீட்டர்தான். அது நீரின் மின்கடத்துத் திறனை அளந்து, கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைக் கணித்துக் காட்டுகிறதே தவிர, கரைந்திருப்பது இன்னதென்று பிரித்துச் சொல்வதில்லை. இந்தியக் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைபொருள்களை ஏற்கிறது, ஈயத்துக்கோ 0.01 மில்லிகிராம்தான் வரம்பு. ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கான அந்த ஈயம் பத்து மடங்கானாலும் மீட்டரின் எண் அசையாது.

சுத்திகரிப்புக் கருவி விற்க வருவோர் சிலர் குழாய்நீரில் கம்பிகளை அமிழ்த்தி மின்சாரம் பாய்ச்சி, நீர் பழுப்பாவதைக் காட்டி, அதுவே நீரிலுள்ள அழுக்கு என்கின்றனர். அந்தப் பழுப்பு உண்மையில் கரைந்த இரும்புக் கம்பியிலிருந்து வருவது. அவர்கள் விற்கும் கருவியிலிருந்து வரும், உப்பு குறைந்த ஆர்ஓ (எதிர்ச் சவ்வூடுபரவல்) நீரில் மின்னோட்டம் மிகக் குறைவாக இருப்பதால்தான் அது தெளிவாக நிற்கிறது. அச்சத்தை விற்கும் இந்தச் செயல் கண்டிக்கத்தக்கது.

அதே மின்வேதியியலைக் கொண்டு நீரிலுள்ள உலோகத்தை இனங்காண முடியும் என்பதற்கு, செக் நாட்டு அறிஞர் யாரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி 1922இல் அடித்தளமிட்டு, 1959இல் நோபல் பரிசு பெற்றார். அவர் வழியில் வளர்ந்த முறையொன்றில், நீரில் வைத்த கார்பன் மின்முனைக்கு முதலில் எதிர்மின்னழுத்தம் தரப்படுகிறது. ஓரிரு நிமிடங்களில், நீரில் சிதறிக் கிடந்த ஈயம் போன்ற உலோகங்களின் அயனிகள் அதன்மேல் மெல்லிய முலாமாகப் படிந்து செறிகின்றன. பின்னர் மின்னழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்தும்போது காட்மியம், ஈயம், செம்பு ஆகியவை தத்தமக்குரிய அழுத்தத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் கரைந்து வெளியேற, ஒவ்வொன்றும் மின்னோட்ட வரைவில் ஒரு முகடாக எழுகிறது. முகட்டின் இடம் உலோகத்தையும் உயரம் அதன் அளவையும் தெரிவிக்கின்றன.

ஆய்வகங்களில் மட்டுமே இருந்த இம்முறையை மலிவாக்கியவை இரண்டு. ஒன்று, சர்க்கரை நோயாளிகள் பயன்படுத்தும் குளுக்கோமீட்டர் பட்டைகளைப் போல அச்சிட்டெடுக்கும் மின்முனைகள். மற்றொன்று, எளிய மின்சுற்று. 2011இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாந்தா பார்பரா வளாக ஆய்வாளர்கள் வெளியிட்ட ‘சீப்ஸ்டாட்’ கருவியின் உதிரிபாகங்களுக்கு 80 டாலர்கூட ஆகவில்லை. தமிழ்நாட்டுக்கும் இத்துறை புதிதன்று. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் 1953 முதல் இயங்கி வருகிறது.

தோல் பதனிடுதலுக்குக் குரோமிய உப்புகளைப் பயன்படுத்திவந்த பல்லாவரம், குரோம்பேட்டை தொழிற்சாலைப் பகுதிகள் மேடவாக்கத்துக்கு அண்மையில் உள்ளன என்பதால், உலோகச் சோதனை இங்கே தேவையற்ற ஆடம்பரமன்று. ஆயினும் நீரிலுள்ள கரிமப் பொருள்கள் மின்முனையில் படிந்து அளவைக் குறைத்துக் காட்டக்கூடும். ஓர் உலோகத்தின் முகடு மற்றொன்றை மறைக்கவும் கூடும். கழிவுநீர் கலந்தால் வரும் நோய்க்கிருமிகளை இக்கருவி காண்பதே இல்லை. ஆதலால் குடியிருப்போர் நலச்சங்கங்கள் இத்தகைய உணரிகளை முதற்கட்டச் சல்லடையாகவே கொண்டு, ஐயத்துக்குரிய நீரைக் கிண்டி கிங் நிலையம் போன்ற ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை அதைக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்தாதிருக்க வேண்டும்.