பூரானும் மரவட்டையும் ஒன்றல்ல!

ஐப்பசி, கார்த்திகை மழை வலுத்துவிட்டால் ஸ்ரீரங்கத்து வாழைத் தோட்டங்களிலும், காவிரிக்கு இக்கரையில் திருச்சி நகரின் பழைய வீடுகளிலும் மண்ணுக்கடியில் வாழும் பிராணிகள் வெளியே வந்துவிடும். அவற்றுள் இரண்டைப் பற்றி இல்லத்தார் அனைவரும் அறிந்திருத்தல் அவசியம்.

சென்ற மழைக்காலத்தில் எங்கள் மத்ரஸாவின் ஹவுளருகே ஒன்பது வயது மாணவன் ஒருவன் ஓடும் பூரானைக் கையால் பிடித்துவிட்டான். ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் பிள்ளை. தோட்டத்தில் ‘ரயில் பூச்சி’யைத் தொட்டுச் சுருள வைத்து விளையாடிப் பழகியவன். இதுவும் அவ்வினமே என்றெண்ணிவிட்டான். நான் ஓடிச் சேருமுன் கடித்துவிட்டது. மறுநாள் வரை விரல் வீங்கியிருந்தது. அதே வாரத்தில் வேறு சில பிள்ளைகள், சுவரோரம் ஊர்ந்த ஒரு மரவட்டையை ‘விஷப்பூச்சி’ என்று கூவி நசுக்கிக் கொன்றனர்!

கால்களை எண்ணி வேறுபாடு காண முயல வேண்டாம். உடலையும் நடையையும் நோக்குங்கள். மரவட்டை எனப்படும் ரயில் பூச்சி உருண்டையானது. பெரும்பாலான வளையங்களில் இரண்டிரண்டு ஜோடிக் குட்டைக் கால்கள், உடலுக்கு அடியில் அலைபோல் அசையும். மெல்ல நகரும், தொட்டால் சுருளும். மக்கிய இலைதழைகளே அதன் உணவு. அது கடிப்பதில்லை. எனினும் அதன் உடலில் கசியும் நீர் தோலில் கறையேற்றும். கண்ணில் பட்டால் எரியும். ஆகவே தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

பூரானோ தட்டையானது. வளையத்திற்கு ஒரு ஜோடிக் கால்கள் இருபுறமும் விரிந்திருக்கும். வெளிச்சம் பட்டதும் விரைந்தோடும். கரப்பான் முதலியவற்றை வேட்டையாடித் தின்னும். அது வாயால் கடிப்பதாக நாம் சொல்கிறோம். உண்மையில் தலைக்குக் கீழே நச்சுக் கொடுக்குகளாக மாறியுள்ள முன்னங்கால்களால்தான் குத்துகிறது. நூறுகாலி என்றாலும் சரியாக நூறு கால் அதற்கு அமைவதில்லை. கால் ஜோடிகள் ஒற்றைப்படையாகவே இருக்கும். பெரிய பூரான்களில் பெரும்பாலும் 21 ஜோடி. மரவட்டைக்கும் ஆங்கிலத்தில் ஆயிரங்காலி என்றே பெயர். ஆயினும் உண்மையிலேயே ஆயிரத்தைத் தாண்டிய இனம், 1306 கால்களுடன், ஆஸ்திரேலியாவிலிருந்து 2021ஆம் ஆண்டில்தான் முதன்முதலாக அறிவிக்கப்பட்டது.

உர்தூ பேசும் இல்லங்களில் பூரானைக் ‘கன்கஜூரா’ என்பர். ‘கான்’ என்றால் காது. தரையில் உறங்குவோர் காதில் எப்போதேனும் நுழைவதுண்டு. மூளைக்குச் சென்றுவிடும் என்பது வெறும் பேச்சு.

கடித்த இடத்தைச் சோப்பிட்டுக் கழுவி, பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் வைத்தால் வலி தணியும். சிறு குழந்தைக்கு வெந்நீரின் சூட்டைப் பெரியவர் தம் கையால் பார்த்த பின்னரே வைக்க வேண்டும். கீறுவதும் கயிற்றால் கட்டுவதும் கூடாது. மூச்சுத் திணறலோ, மயக்கமோ, முகவீக்கமோ கண்டால் தாமதியாது மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஈரச்சாக்கு, பூந்தொட்டியின் அடி, குளியலறைச் சாக்கடை, கழற்றிப் போட்ட காலணி ஆகியவையே பூரான் பதுங்குமிடங்கள். எங்கள் மாணவன் இப்போது மத்ரஸா விட்டதும் தன் காலணியை இருமுறை உதறுகிறான். பக்கத்துப் பிள்ளையின் காலணியையும் சேர்த்தே உதறிக் கொடுக்கிறான்.