நிலாவுக்குப் போன சட்டை 22 கோடி! ‘நாசா வாங்கும்’ என்று வருகிறவனிடம் உஷார்!

(நமது நிருபர்)

வருசநாடு,—

போலீஸ்காரர் தோளில் தைத்திருக்கிற துணி பேட்ஜைப் பார்த்திருப்பீர்கள். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அதே அளவில் ஒரு பேட்ஜ் நிலா வரைக்கும் போய்த் திரும்பியது என்று நிரூபித்துவிட்டால், அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான டாலரோடு ஆள் காத்து நிற்கிறான். நம்ம கணக்குக்கு லட்சம், லட்சமாகப் பணம்!

நிரூபிக்க முடியாவிட்டால்? அதே படம் போட்ட பேட்ஜ் கடையில் சில டாலருக்குக் கிடைக்கிறது.

ஒரே படம். விலையில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். அது ஏன் என்று தெரிந்துகொண்டால் இன்னொரு லாபமும் உண்டு. பழைய செம்பைத் துணியில் சுற்றிக்கொண்டு, “நாசா வாங்கும், கோடி கிடைக்கும்” என்று வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருகிற ஆசாமி யார் என்பதும் தெரிந்துவிடும்!

8 நாள்... இல்லாட்டி அம்போ!

இந்தப் பேட்ஜ் மோகம் தொடங்கியது 1965 ஆகஸ்டில். ‘ஜெமினி 5’ விண்கலத்தில் கார்டன் கூப்பர், பீட் கான்ராட் என்ற இரண்டு அமெரிக்க வீரர்கள் கிளம்பினார்கள். எட்டு நாள் பூமியைச் சுற்றுவது திட்டம். அதுவரை யாரும் அத்தனை நாள் மேலே இருந்ததில்லை.

ராணுவப் படைப்பிரிவுக்கு அடையாளச் சின்னம் இருக்கிற மாதிரி நம்ம பயணத்துக்கும் ஒன்று வேண்டும் என்றார் கூப்பர். கூண்டு வண்டிப் படம் போட்டுப் பேட்ஜ் தயாரானது. அதில் ஒரு வாசகம். ‘எட்டு நாள், இல்லாட்டி அம்போ’ என்கிற அர்த்தத்தில்!

நாசாவின் தலைமை அதிகாரி ஜேம்ஸ் வெப் முகம் சுளித்தார். எட்டு நாளுக்கு முன்பே இறங்க நேர்ந்தால் ஊர் சிரிக்குமே! கடைசியில் பேட்ஜுக்குச் சம்மதித்தார். வாசகத்தை மட்டும் துண்டுத் துணி வைத்து மூடச் சொன்னார். வீரர்கள் ஏறக்குறைய எட்டு நாளையும் முடித்துவிட்டே இறங்கினார்கள்.

அன்று முதல் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு பேட்ஜ் என்பது வழக்கமாகிவிட்டது. 1969ல் நிலாவில் இறங்கிய ‘அப்பல்லோ 11’ பேட்ஜில் கழுகு ஒன்று காலில் ஆலிவ் கிளையோடு நிலவில் இறங்கும். வீரர்கள் மூன்று பேரும் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. இந்த வெற்றிக்குப் பின்னால் பல்லாயிரம் பேருடைய உழைப்பு இருக்கிறது என்பதுதான் காரணம்.

தீ கற்றுக்கொடுத்த பாடம்

1967 ஜனவரி 27. ‘அப்பல்லோ 1’ விண்கலத்தைத் தரையில் வைத்துச் சோதனை நடத்தியபோது உள்ளே தீப்பிடித்தது. மூன்று வீரர்கள் பலியானார்கள்.

அதற்குப் பிறகு விண்கலத்துக்குள் தீப்பிடிக்கிற பொருள் எதையும் முடிந்தவரை விடக்கூடாது என்று முடிவானது. விண்வெளி உடைக்குக் கண்ணாடி இழையில் நெய்த ‘பீட்டா’ துணி வந்தது. பேட்ஜையும் நூலால் தைக்காமல் அதே துணியில் அச்சடித்தார்கள்.

இங்கேதான் சூட்சுமம். ஜிகுஜிகு என்று கலர் நூலில் எம்ப்ராய்டரி போட்ட பேட்ஜைக் காட்டி, “இது நிலாவில் நடந்தவர் விண்வெளி உடையில் இருந்தது” என்று ஒருவன் சொன்னால் அது பச்சைப் பொய். உடையில் இருந்தது அச்சடித்த துணி. நூல் பேட்ஜ்களில் பெரும்பாலானவை தரையில் போடுகிற சட்டைக்கும், ரசிகர்களுக்கு விற்பதற்கும் தயாரானவை. அமெரிக்காவில் ‘ஏ-பி எம்பளம்’ என்ற கம்பெனி இவற்றைக் குவியல் குவியலாகப் போட்டு விற்கிறது.

போடி ஏலமும் நியூயார்க் ஏலமும்

ஏலம் என்பது நம்ம பக்கத்து ஆட்களுக்குப் புதிதல்ல. போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் பார்த்தவர்களுக்குத் தெரியும். காயின் பருமன், பச்சை நிறம், வாசனை, இவைதான் விலை பேசும். யார் தோட்டத்துக் காய் என்று ஜாதகம் கேட்பதில்லை. சரக்கே சாட்சி.

விண்வெளிப் பொருள் ஏலம் நேர் எதிர். அங்கே சரக்கு சாட்சி இல்லை, காகிதம்தான் சாட்சி! யார் கொண்டு போனார், எந்தக் கலத்தில் போனது, திரும்பி வந்ததும் யார் கையில் இருந்தது, அவர் யாருக்குக் கொடுத்தார்? சங்கிலி மாதிரி ஒவ்வொன்றுக்கும் கடிதமோ கையெழுத்தோ வேண்டும்.

நிலம் வாங்கும்போது மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று பார்க்கிறோமே, அதே கதைதான். காடும் நிலமும் ஒட்டிக் கிடக்கிற வருசநாட்டில் பட்டாவின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை!

இந்தச் சங்கிலி கெட்டியாக இருந்தால் விலை எங்கே போகும்? 2022 ஜூலையில் நியூயார்க்கில் சதபீஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் தெரிந்தது. நிலாவில் கால் வைத்த இரண்டாவது மனிதர் பஸ் ஆல்ட்ரின், அந்தப் பயணத்தில் போட்டிருந்த மேல்சட்டையைத் தானே விற்பனைக்குக் கொடுத்தார். பீட்டா துணிச் சட்டை. நெஞ்சில் அப்பல்லோ 11 பேட்ஜ், பெயர்ப்பட்டை. போனில் விலை ஏறிக்கொண்டே போனது. கடைசியில் முடிந்தது 27 லட்சத்து 72 ஆயிரத்து 500 டாலருக்கு! அன்றைய மதிப்பில் சுமார் 22 கோடி ரூபாய்.

விற்றவரே போட்டிருந்தவர். அதைவிடப் பெரிய மூலப்பத்திரம் ஏது?

அந்தக் காலத்து வீரர்கள் வைத்திருக்கும் இப்படிப்பட்ட ஞாபகப் பொருள்கள் அவர்களுக்கே சொந்தம் என்று 2012ல் அமெரிக்காவில் சட்டமும் வந்தது. நிலாக் கல்லுக்கு மட்டும் அது பொருந்தாது.

65 ஆயிரத்துக்கு வாங்கி, 11½ கோடிக்கு விற்ற பை!

இன்னொரு கதை சினிமாவைத் தோற்கடிக்கும்.

அமெரிக்காவில் கான்சாஸ் மாநில விண்வெளி மியூசியத்தில் இயக்குநராக இருந்தவர், பொருள்களைத் திருடி விற்றதாகத் தண்டனை பெற்றார். அவரிடம் பறிமுதல் செய்தவற்றில் ஒரு வெள்ளைப் பையும் இருந்தது. பட்டியலில் நடந்த குளறுபடியால் அது என்ன பை என்று அதிகாரிகளுக்கே தெரியவில்லை. அரசாங்க ஏலத்துக்கு வந்தது.

2015ல் சிகாகோ பக்கத்து வக்கீல் அம்மா ஒருவர் அதை 995 டாலருக்கு வாங்கினார். சுமார் 65 ஆயிரம் ரூபாய். உண்மையானதுதானா என்று பார்த்துச் சொல்லும்படி நாசாவுக்கே அனுப்பினார்.

சோதித்தவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பையில் நிலாத் தூசி! 1969ல் நீல் ஆம்ஸ்ட்ராங் முதன்முதலாக அள்ளிய மண்ணைக் கொண்டு வந்த பை அது!

உடனே நாசா கோடியைத் தூக்கிக் கொடுத்ததா? அதுதான் இல்லை. “இது அரசாங்கச் சொத்து” என்று பையைத் தானே வைத்துக்கொண்டது. அந்த அம்மா கோர்ட்டுக்குப் போனார். அரசாங்கமே நடத்திய ஏலத்தில் முறையாக வாங்கியவருக்கே சொந்தம் என்று 2016 டிசம்பரில் தீர்ப்பானது. 2017 ஜூலை 20ந் தேதி சதபீஸ் ஏலத்தில் பை 18 லட்சத்து 12 ஆயிரத்து 500 டாலருக்குப் போனது. ஏறக்குறைய 11½ கோடி ரூபாய்.

இதை நன்றாகக் கவனியுங்கள். நிஜமான நிலாத் தூசிக்கே நாசா ஒரு சல்லிக்காசு தர முன்வரவில்லை. நம்ம வீட்டுச் செம்புக்கா தரப்போகிறது?

அரிசியை இழுக்கும் செம்பு

‘ரைஸ் புல்லிங்’ மோசடி இந்த ஆசையில்தான் பிழைக்கிறது. “இடி விழுந்த செம்பு, அரிசியை இழுக்கும், செயற்கைக்கோளுக்கு வேணும், நாசா வாங்கும்” என்பார்கள். காட்டுகிற அரிசியில் இரும்புத் தூள் கலந்திருக்கும். செம்புக்குள் காந்தம் ஒளிந்திருக்கும். அப்புறம் ‘சயின்டிஸ்ட்’ வரச் செலவு, கெமிக்கலுக்குச் செலவு, கதிர்வீச்சு தாக்காத உடைக்குச் செலவு என்று கறந்துகொண்டே இருப்பார்கள்.

2018ல் டில்லியில் ஒரு வியாபாரியிடம் இதேபோல 1 கோடியே 43 லட்சம் ரூபாய் கறந்த தகப்பனும் மகனும் போலீசில் பிடிபட்டார்கள். நாசா 37,500 கோடிக்கு வாங்கும் என்று ஆசை காட்டியிருந்தார்கள். பளபளக்கும் ‘விண்வெளி உடை’ போட்டு நாடகமும் ஆடினார்கள்.

டில்லிதானே என்று இருந்துவிட வேண்டாம். 2025 செப்டம்பரில் தமிழ்நாட்டிலேயே ‘இரிடியம்’ பெயரில், ரிசர்வ் வங்கியின் போலி ஆவணங்களைக் காட்டிப் பணம் பறித்ததாகப் பலரை சி.பி.சி.ஐ.டி. போலீசார் கைது செய்தார்கள்.

காட்டு வேலை பார்த்து, இலவம்பஞ்சு விற்று, மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் இப்படிப் போனால் திரும்பி வருமா?

நம்ம பேட்ஜ்

ஆசை தப்பில்லை. சேகரிக்கிறவர்களுக்கு நம்ம நாட்டிலும் விஷயம் இருக்கிறது. 1984 ஏப்ரல் 3ந் தேதி ராகேஷ் சர்மா சோவியத் ‘சோயூஸ் டி-11’ல் பறந்தார். அதை ஒட்டி நம்ம தபால் துறை தபால் தலை வெளியிட்டது. அவருடைய விண்வெளி உடை டில்லி நேரு கோளரங்கத்தில் இருக்கிறது.

2025 ஜூனில் சுபான்ஷு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனார். நம்ம ‘ககன்யான்’ திட்டத்துக்குத் தேர்வான நான்கு பேரில் சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணனும் ஒருவர். அந்தப் பயணம் நடந்தால் பேட்ஜும் வரும். கூடவே “வீரர் போட்டிருந்தது” என்று கூசாமல் சொல்லும் போலியும் வரும்!

பிள்ளைகள் ஆசைப்பட்டால் பழைய தபால் தலை வாங்கிக் கொடுங்கள். கடைப் பேட்ஜை, கடைப் பேட்ஜ் என்று தெரிந்தே வாங்கிக் கொடுங்கள். காசு கொஞ்சம்தான்; அறிவு வளரும்.

“விலை மதிக்க முடியாத பொருள்” என்று எவனாவது கொண்டுவந்தால் ஒரே கேள்வி கேளுங்கள்: “மூலப்பத்திரம் எங்கே?” விற்பதற்கு முன்னால் உங்களிடமே முன்பணம் கேட்டால் பேச்சை நிறுத்திவிட்டுப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடையைக் கட்டுங்கள். போனிலோ ஆன்லைனிலோ பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்குப் போன் போடுங்கள்.