மலைப்பாதையில் துவிச்சக்கர வண்டியும் குளிர் உடையும்

மலைநாட்டைத் துவிச்சக்கர வண்டியிற் சுற்றிவரப் புறப்படும் இளைஞர் பலர், தடித்த மேலங்கி ஒன்று இருந்தாற் போதும் என எண்ணுவர். ஏற்றத்தில் அவ்வங்கிக்குள் உடல் வியர்வையில் நனையும். இறக்கத்தில் அவ்வியர்வையே உடலைச் சில்லிடச் செய்யும். குளிரின் கொடுமை ஏறும்போதன்று, இறங்கும்போதே தெரியும்.

காரணம் எளிது. ஏற்றத்தில் மிதிக்கும் கால்கள் உடலுக்கு வெப்பம் அளிக்கின்றன. இறக்கத்திலோ கால்கள் ஓய்கின்றன. காற்று மார்பில் மோதுகின்றது. நுவரெலியா நகரம் ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே 10 பாகை செல்சியஸ் குளிருள்ள காலைப்பொழுதில், றம்பொடைப் பாதையால் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் இறங்குபவரின் தோலுக்கு அக்குளிர் 6 பாகை போலப் படும். உடை நனைந்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்த வல்லது.

இதற்குச் சான்றாக ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். 1988 யூன் 5ஆம் நாள், இத்தாலியச் சுற்றோட்டத்தில், 2,600 மீற்றருக்கு மேல் உயர்ந்த கவியா கணவாயிற் பனி கொட்டியது. ஒல்லாந்து வீரர் வன் டெர் வெல்டே அரைக்கைச் சட்டையுடன் முதல்வராக உச்சியைக் கடந்தார். ஆயினும் இறக்கத்திற் குளிர் தாங்காது இடையில் ஒதுங்கி, முக்கால் மணிக்கு மேல் பின்தங்கினார். அமெரிக்கரான அண்டி ஹம்ஸ்ரனின் குழுவினரோ அன்று காலையே கடைகளிற் குளிர் உடைகளை வாங்கி வைத்திருந்தனர். கம்பளித் தொப்பியும் கையுறையும் அணிந்து இறங்கிய அவரே இறுதியில் அவ்வாண்டின் வெற்றிவீரரானார்.

ஆகவே, தடித்த ஆடை ஒன்றினும் மெல்லிய ஆடை மூன்றே மேலானது. தோலோடு ஒட்டும் உள்ளாடை பருத்தியாக இருத்தலாகாது. அது வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும். மெல்லிய கம்பளியோ பொலியெஸ்ரரோ நன்று. அதன்மேல், உடற்சூட்டைக் காக்கும் சுவெற்றர். எல்லாவற்றுக்கும் மேலே, காற்றைத் தடுக்கும் மெல்லிய நைலோன் மேலங்கி. அது முன்புறம் திறந்து மூடக்கூடியதாயும், குனிந்து ஓட்டும்போது முதுகை மறைக்குமளவு நீளமாயும், மடித்துப் பையில் வைக்கத்தக்கதாயும் இருத்தல் வேண்டும்.

ஏறத் தொடங்குமுன் மேலங்கியைக் கழற்றுக. உச்சியை அடைந்ததும், குளிர் உறைக்கும்வரை காத்திராது, இறங்குமுன்னரே அணிக. கையுறையையும் மறவாதீர். விரல்கள் விறைத்தால் பிறேக்கை அழுத்த இயலாது. வளைவுகள் மிகுந்த மலைப்பாதையில் அது உயிருக்கே ஆபத்தாகும்.

நைலோன் அங்கி வாங்க வசதியில்லாதோர் கவலற்க. ஐரோப்பிய வீரர்கள் இறக்கத்துக்கு முன் சட்டைக்குள் மார்பின் மீது பத்திரிகைத் தாள்களைச் செருகுவது பழைய வழக்கம். படித்து முடித்த இவ்விதழும் அதற்குப் பயன்படும்!