நிறைவெண்களின் கூட்டலும் கழித்தலும்: சயக்குறியின் இரண்டு வேலைகள்



சாதாரண தரத்துக்கு வந்த பிறகும் கூட்டல் கழித்தலா என்று இப்பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். முதலில் பின்வரும் மூன்றுக்கும் கொப்பியின் ஓரத்தில் விடை எழுதுங்கள்.

−3 − 4
−9 + 5
6 − (−2)

விடைகள் முறையே −7, −4, 8 ஆகும். மூன்றும் சரியென்றால் நேராக மடக்கைப் பகுதிக்குச் செல்லலாம். முதலாவதற்கு 7 என்றும் இரண்டாவதற்கு −14 என்றும் எழுதுவோர் ஒவ்வோர் ஆண்டும் என் வகுப்பில் இருக்கிறார்கள். கேட்டால், "மறையும் மறையும் சேர்ந்தால் நேர்தானே, டீச்சர்?" என்பார்கள். அந்த வாய்பாடு பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் உரியது. −3 ஐ −4 ஆல் பெருக்கினால் 12 வரும், அது சரி. கூட்டலில் அதற்கு இடமே இல்லை. எட்டாம் தரத்தில் மனனம் செய்த ஒரு வரி, பதினோராம் தரத்தில் புள்ளிகளைத் தின்றுகொண்டிருக்கிறது.

கணிதம் கட்டாய பாடம். பரீட்சை மண்டபத்துக்குள் கணிகருவி கொண்டுபோக முடியாது. சார்பின் வரைபு, படித்திறன், தாயம், இடை என எதை எடுத்தாலும் நடுவில் ஒரு மறை எண்ணைக் கூட்டவோ கழிக்கவோ நேரும். முறை முழுவதும் தெரிந்திருந்தும் ஓர் அடையாளம் பிழைத்ததால் வரைபு கோணலாகிப் போனவர்கள் உண்டு.

சக, சய

'−' என்ற ஒரே குறி இரண்டு வேலைகளைச் செய்கிறது. 9 − 4 என்னும்போது அது செய்கையைக் குறிக்கிறது: ஒன்பதிலிருந்து நான்கை எடு. −4 என்று தனியே நிற்கும்போது அது எண்ணின் திசையைக் குறிக்கிறது: பூச்சியத்துக்கு இந்தப் பக்கம் நான்கு. 6 − (−2) இல் இரண்டு வேலையும் அடுத்தடுத்து நிற்கின்றன. முதலாவது சய செய்கை, அடைப்புக்குள் இருப்பது திசை. வாசிக்கும்போதே இதைப் பிரித்து, "ஆறிலிருந்து மறை இரண்டை எடு" என்று வாசியுங்கள். "ஆறு சய சய இரண்டு" என்று வாசித்தால் குழப்பம் அங்கேயே தொடங்கிவிடும்.

கடைக் கொப்பி

மறை எண்ணைப் புரிந்துகொள்ள எண்கோட்டைவிடக் கடைக் கொப்பி நல்லது என்பது என் எண்ணம். தோட்டத்தில் அதைத் தெரியாத பிள்ளை கிடையாது.

தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2024 இல் 1350 ரூபாவாக்கப்பட்டது. அந்தக் கணக்கில், சுகயீனம் காரணமாக ஒரு மாதத்தில் 9 நாட்களே வேலைக்குப் போன ஒருவரை எடுப்போம். அவருக்குக் கிடைப்பது 12,150 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 வீதம் 972 ரூபா போனால் மிகுதி 11,178 ரூபா. கடையில் பற்று 15,000 ரூபா.

11,178 − 15,000 = −3,822

கையிலிருந்த அனைத்தையும் கொடுத்த பின்பும் 3,822 ரூபா கடன் நிற்கிறது. மறை என்பது இதுதான். அடுத்த நாள் 500 ரூபாவுக்கு மாவும் சீனியும் கடனுக்கு வாங்கினால்:

−3,822 − 500 = −4,322

கடனோடு கடன் சேர்ந்தால் கடன் பெருகும். அது ஒருநாளும் இலாபமாக மாறாது. −3 − 4 இன் விடை 7 அல்ல என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

இனிக் கடைக்காரர் கொப்பியைப் பார்த்து, "இந்த 1,000 ரூபாவைப் பிழையாக எழுதிவிட்டேன்" என்று சொல்லி அதை வெட்டிவிடுகிறார் என்று வையுங்கள். கொப்பியிலிருந்து நீங்கியது 1,000 ரூபாக் கடன், அதாவது −1,000 ஐக் கழித்திருக்கிறார்.

−4,322 − (−1,000) = −4,322 + 1,000 = −3,322

கையில் ஒரு சதமும் வந்து சேரவில்லை. ஆனாலும் நிலைமை 1,000 ரூபாவால் முன்னேறிவிட்டது. கடனை எடுத்துவிடுவது பணம் கொடுப்பதற்குச் சமம். ஆகவேதான் மறை எண்ணைக் கழிப்பது, அதன் எதிர் எண்ணைக் கூட்டுவதாகிறது.

கலைத்துறையில் படித்தவள் என்பதால் வரலாற்றைத் தொடாமல் என்னால் மேலே போக முடியாது. இந்த விளக்கம் புதியதல்ல. இந்தியக் கணித அறிஞர் பிரமகுப்தர் கி.பி. 628 இல் எழுதிய பிராமஸ்புட சித்தாந்தத்தில் நேர் எண்களைத் தனம் என்றும் மறை எண்களை ருணம், அதாவது கடன், என்றும் அழைத்தே விதிகளைத் தந்தார். பூச்சியத்திலிருந்து கடனைக் கழித்தால் தனம் என்பதும் அவற்றில் ஒன்று. சக, சயக் குறிகள் அச்சில் வந்தது வெகு பிந்தி, 1489 இல் ஜேர்மனியில் யோகான்னஸ் விட்மன் எழுதிய வணிகக் கணித நூலில். 1758 இல் கூட இங்கிலாந்தில் பிரான்சிஸ் மசெரஸ் என்பவர் மறை எண்களே வேண்டாமென்று ஒரு நூல் எழுதினார். ஆகவே உங்களுக்கு மறை எண் சிக்கலாகத் தோன்றினால் வெட்கப்பட ஏதுமில்லை.

பூச்சியத்திடம் கடன் வாங்குதல்

முழு எண் கழித்தலிலும் ஓர் இடம் வழுக்கும். 22 நாள் வேலை செய்தவரின் சம்பளச் சீட்டைப் பார்ப்போம். வரவு 29,700 ரூபா. சேமலாப நிதி 2,376 ரூபா, தீபாவளி முற்பணம் 10,000 ரூபா, மொத்தக் கழிவு 12,376 ரூபா. (உண்மைச் சீட்டில் சங்கச் சந்தா முதலியனவும் இருக்கும். விளங்குவதற்காக அவற்றை விட்டுவிட்டேன்.)

29,700 − 12,376

ஒன்றினிடத்தில் 0 இலிருந்து 6 போகாது. பத்தினிடமும் 0. எனவே நூறினிடத்து 7 இடம் கடன் வாங்க வேண்டும். 7 ஆனது 6 ஆகும். வந்த நூறு, பத்தினிடத்தில் 10 பத்துகள். அதில் ஒரு பத்து ஒன்றினிடத்துக்குப் போக, பத்தினிடத்தில் எஞ்சுவது 9. இந்த 9 ஐத்தான் பலர் மறந்து 10 ஆகவே விட்டுவிடுகிறார்கள். இப்போது 10 − 6 = 4, 9 − 7 = 2, 6 − 3 = 3, 9 − 2 = 7, 2 − 1 = 1. விடை 17,324 ரூபா.

கடன் வாங்கச் சோம்பல்பட்டு ஒவ்வொரு நிரலிலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தவருக்கு 17,476 வரும். 152 ரூபா கூட. சரிபார்க்க ஒரே வழி திரும்பக் கூட்டுவது: 17,324 + 12,376 = 29,700. அரை நிமிட வேலை. வீட்டுக்கு வரும் சம்பளச் சீட்டையும் மாதாமாதம் இப்படிக் கூட்டிப் பாருங்கள். அம்மா அப்பாவின் ஒரு மாத உழைப்பு அதில் இருக்கிறது.

கொழுந்து நிறுவையும் எடுகொண்ட இடையும்

ஒரு தோட்டத்தில் நாளொன்றுக்கு 18 கிலோ கொழுந்து எடுத்தால் முழுப்பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஆறு நாளில் எடுத்தது 21, 16, 18, 23, 14, 20 கிலோ. இவற்றை நேரடியாகக் கூட்டாமல் 18 இலிருந்து எவ்வளவு கூட, எவ்வளவு குறைவு என்று எழுதுங்கள்.

+3, −2, 0, +5, −4, +2

நேர் எண்கள் தனியே 10, மறை எண்கள் தனியே −6, கூட்டுத்தொகை +4. இங்கும் அறிவுரை ஒன்றுதான்: நேரை ஒரு பக்கமும் மறையை ஒரு பக்கமும் சேர்த்துவிட்டுக் கடைசியில் ஒரு தடவை மட்டும் கழியுங்கள். ஆறு நாள் மொத்தம் 18 × 6 + 4 = 112 கிலோ. இடை 18 + 4/6, ஏறத்தாழ 18.67 கிலோ.

பகுதி இரண்டின் புள்ளிவிபரவியல் வினாவில் வரும் எடுகொண்ட இடையும் விலகல் நிரலும் இதேதான். நமது கொழுந்து மடுவத்தில் நாள்தோறும் நடக்கும் கணக்குக்குப் பாடநூல் வைத்த பெயர் அது. ஒரு வித்தியாசம் உண்டு. கணிதத்தில் +5 வந்து −4 ஐ மூடிவிடும். செக்ரோலில் மூடாது. பல தோட்டங்களில் 14 கிலோ எடுத்த நாள் அரைப்பேர்தான், முந்திய நாள் 23 கிலோ எடுத்திருந்தாலும். கணக்கின் இடை 18 ஐத் தாண்டினாலும் சம்பளம் தாண்டாத கதை இதுதான்.

மடக்கையில் பார்

இப்போது மேலே கண்ட இரண்டும், கடன் வாங்குதலும் மறை எண்ணைக் கழித்தலும், ஒரே வரியில் வரும் இடத்துக்கு வந்திருக்கிறோம். 0.02 ÷ 0.5 ஐ மடக்கையால் காண்க என்று கேட்டால்:

2̄.3010 − 1̄.6990

பார் போட்ட சிறப்பியல்பு மட்டுமே மறை, தசமக்கூட்டு எப்போதும் நேர் என்பதை மறக்க வேண்டாம். 2̄.3010 என்பது −2 + 0.3010 ஆகும். −2.3010 அல்ல.

0.3010 இலிருந்து 0.6990 போகாது. சிறப்பியல்பிடம் ஒன்று கடன் வாங்குவோம். 1.3010 − 0.6990 = 0.6020. கடன் கொடுத்த −2 என்னவாகும்? பலர் −1 என்பார்கள், 2 இலிருந்து 1 போனால் 1 என்ற பழக்கத்தில். ஏற்கனவே கடனில் நிற்பவர் இன்னொருவருக்கு ஒன்று கொடுத்தால் அவர் கடன் கூடும்: −2 − 1 = −3. இனி அடுத்த படி:

−3 − (−1) = −3 + 1 = −2

விடை 2̄.6020. முரண்மடக்கை அட்டவணையில் பார்த்தால் ஏறத்தாழ 0.04. சாதாரணமாக வகுத்தாலும் 0.04 தான் வருகிறது. இப்படி விடை தெரிந்த சிறு எண்களை வைத்தே மடக்கையைப் பழகுங்கள். பிழை எங்கே நுழைகிறது என்று உடனே கண்ணில் படும்.

பயிற்சி

1. −8 − 5
2. −8 − (−5)
3. 7 − 12 + 3
4. −6 + 10 − (−4)
5. 40,005 − 17,648 (விடையைத் திரும்பக் கூட்டிச் சரிபார்க்கவும்)
6. முழுப்பேர் 20 கிலோ எனின், 17, 24, 19, 20, 15, 22 கிலோ எடுத்தவரின் விலகல்களின் கூட்டுத்தொகையையும் மொத்தக் கொழுந்தையும் காண்க.
7. 1̄.2041 − 3̄.8062

விடைகள்: 1. −13  2. −3  3. −2  4. 8  5. 22,357  6. −3, 117 கிலோ  7. 1.3979. ஏழாவதில் பார் மறைந்து விடை நேராக வந்திருப்பதைக் கண்டு தடுமாற வேண்டாம். அது 0.16 ÷ 0.0064, விடை 25.