மதிய போசனமும் தேநீரும்

மாணாக்கர் பலர் மதியச் சோற்றுப்பொதியை உண்டவுடன் தேநீர் அருந்துவதை நாம் நாடோறும் காண்கின்றோம். இவ்வழக்கம் நன்றன்று. கீரையிலும் பயற்றிலுமுள்ள இரும்புச்சத்தைத் தேயிலையின் துவர்ப்புப்பொருள் பற்றிக்கொள்வதால், அதிற் பெரும்பங்கு உடலிற் சேராது கழிகின்றது. இரும்பு குறையின் குருதி குன்றும், சோர்வு மிகும், பாடத்தில் மனம் பதியாது. சோம்பலென்று நாம் வகுப்பிற் கடிந்துகொள்வது, சிலவேளை குருதிக் குறைவாகவும் இருத்தல் கூடும்.

பரிகாரம் எளிது. உண்ணும்பொழுது முருங்கையிலை வறையிலே தேசிக்காய்ப்புளி சிறிது பிழிந்துகொள்க. அதிலுள்ள விற்றமின் சீ, இரும்பை உடல் ஏற்கத் துணைசெய்யும். சமைக்கையிற் சேர்ப்பின் வெப்பத்தால் அது குன்றிவிடும். கொய்யாப்பழமும் இப்பயனைத் தரும். தேநீரை 1 மணி நேரங் கழித்து அருந்துக.

பெற்றோராகிய பழைய மாணவரே! பிள்ளையின் பொதியில் ஒரு தேசிக்காய்த் துண்டு வைத்தனுப்புங்கள், அது பெருஞ்செலவன்று.